சத்தம் போடாத கோவேறு கழுதைகள்

கல்யாணமாகி நான்காவது மாதம் என் வீட்டுக்காரர் வடக்கே ஏதோ ஒரு மலையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். எந்த மலை என்று இன்றுவரை சொல்லவில்லை, ரகசியமாம். போட்டோவில் முழங்கால் வரை பனி. அதில் நின்றுகொண்டு பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போதுகூட அந்த மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை. இடது கை ஒரு கழுதையின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.

கூடவே நாலு பக்கக் கடிதம். அதில் மூன்றரைப் பக்கம் கழுதையைப் பற்றி. இது சாதாரணக் கழுதை இல்லை, கோவேறு கழுதை. அப்பா கழுதை, அம்மா குதிரை. ஜீப் ஏற முடியாத மலைக்கு அரிசி, மண்ணெண்ணெய், பீரங்கிக் குண்டு எல்லாம் இதன் முதுகில்தான் போகும், எங்கள் படைப்பிரிவே இதற்காகத்தான் இருக்கிறது, குளம்பில் நம்பர் போட்டிருப்போம், வெல்லம் கொடுத்தால் உள்ளங்கையை நக்கும் என்று போய்க்கொண்டே இருந்தது. மீதி அரைப் பக்கத்தில் நான் சுகமா என்று கேட்டிருந்தார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மேலகரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் பட்டாளத்தார் இருப்பார், இல்லாவிட்டால் போலீஸ்காரர் இருப்பார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி டாங்கி ஓட்டியவர். எதிர்வீட்டுக்காரர் வயர்லெஸ்ஸில் இருந்தார். பெண்கள் குழாயடியில் கூடினால் யார் வீட்டுக்காரர் எதை ஓட்டுகிறார், எதைச் சுடுகிறார் என்பதுதான் பேச்சு. அங்கே போய் என் வீட்டுக்காரர் கழுதைக்குக் குளம்பு கழுவுகிறார் என்று எந்த வாயால் சொல்வது? தரகர், பையன் பட்டாளத்தில் இருக்கிறான் என்றார். என் அப்பா அப்போதே தேதி குறித்துவிட்டார். பட்டாளத்தில் என்ன செய்கிறான் என்று எங்கள் வீட்டில் ஒருத்தர் கேட்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துக் கழுதையை வெட்டினேன். மிச்சம் இருந்த வீட்டுக்காரருக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். ஆனால் கழுத்தைச் சுற்றிய கையை என்ன செய்ய? அது தோள் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மதினி, “அண்ணன் என்னத்தப் புடிச்சிக்கிட்டு நிக்காரு?” என்று கேட்டாள்.

“லாரிக் கதவை” என்றேன். இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு லாரி வந்தது.

வந்த லாரி சும்மா நிற்கவில்லை. முதல் வருஷம் அதற்கு ஆறு சக்கரம். மகள் பிறந்தபோது பத்துச் சக்கரம் ஆகிவிட்டது. பனியில் சக்கரம் வழுக்காதா என்று டாங்கி அண்ணாச்சி ஒரு நாள் மடக்கினார். “சங்கிலி சுத்திக்கிடுவாரு அண்ணாச்சி” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பனியில் ஓடும் லாரிக்கு நிஜமாகவே சங்கிலி சுற்றுவார்களாம், அண்ணாச்சி மெச்சிக்கொண்டார். பொய்யில்கூட எனக்கு அப்படி ஒரு கைராசி.

இதில் ஒரே ஒரு தொல்லை, என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. அதோடு வாயும் சும்மா இருக்காது. பனி அடைத்துக்கொண்டால் அவர்கள் இருந்த முகாமுக்கு வாரக்கணக்கில் வழி கிடையாது. துணைக்குக் கோவேறு கழுதைகளும் ஒரு அலமாரி பழைய புத்தகங்களும்தான். எல்லாம் போரைப் பற்றிய புத்தகங்கள். மற்றவர்கள் தளபதிகளின் கதையைப் படித்தார்கள். இவர் ஓரஞ்சாரத்தில் கிடக்கும் சங்கதிகளையெல்லாம் பொறுக்கி மண்டையில் ஏற்றிக்கொண்டார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்கள் மின்மினிப் புழுக்களைப் பாட்டிலில் பிடித்துப் போட்டு அந்த வெளிச்சத்தில் வீட்டுக் கடிதம் படித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரியை ஏமாற்ற, காற்றடைத்த ரப்பர் டாங்கிகளை வயலில் நிறுத்தி வைத்தார்கள், நாலு பேர் சேர்ந்தால் ஒரு டாங்கியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். குண்டுக்குப் பயந்து தாஜ்மகாலுக்கே மூங்கில் சாரம் கட்டி, மேலிருந்து பார்த்தால் விறகுக் குவியல் மாதிரித் தெரியும்படி செய்தார்கள். இப்படி ஆயிரம்.

லீவில் வருவார். வாசலில் நாலு பேர் வந்து உட்கார்வார்கள். அவர் தொண்டையைக் கனைப்பார். “முதல் உலகப் போர்ல” என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, எனக்கு வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துபோகும். இரண்டாம் உலகப் போர் என்றால் தேங்காய் இருக்காது. எழுபத்தொன்றாம் வருஷத்துப் போர் என்றால் தென்காசி வரைக்கும் போய் வாங்கவேண்டிய சாமான் ஏதாவது ஞாபகம் வரும். அவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது எப்படியும் கழுதையில் போய்த்தான் முடியும், அதனால் முதல் வரியிலேயே ஆளை வெளியே அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். தெருவில் அவருக்கு நல்ல பெயர். “ஒங்க வீட்டுக்காரரு மாதிரி அமைதியான ஆளப் பாத்ததில்ல மதினி” என்பார்கள்.

ஓய்வு பெற்று வந்ததும் தென்காசியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வேலைக்குப் போனார். அங்கே வேலை நேரத்தில் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் போட்ட மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து வருஷம் இப்படி ஓடியது. பிறகு என் மகள் ஒருவனை விரும்பினாள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். பையன் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான், அச்சன்புதூர்க்காரன். நல்ல பையன், குனிந்துதான் பேசுவான். இரண்டு பேரும் ஏதோ தரகர் வழியாக வந்த சம்பந்தம் போல இரண்டு வீட்டிலும் ஒப்பேற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் பையனின் அம்மாவுக்கும் விஷயம் தெரியும். இரண்டு அப்பாக்களுக்கும் தெரியாது.

பையனின் அப்பா ரிட்டையர்டு எஸ்.ஐ. ஊரே அவரை எஸ்.ஐ. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆயுள் முழுக்க ஆட்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். பொய் பேசுகிற வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார். மூத்த மகனுக்குப் பார்த்த ஒரு இடத்தில், கேசரி வீட்டில் கிண்டியது என்று பெண்ணின் அம்மா சொல்லியிருக்கிறாள். இவர் கை கழுவப் போகிற சாக்கில் கொல்லைப்புறம் போய், ஸ்வீட் கடை அட்டைப்பெட்டியைக் கண்டுபிடித்து நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அப்போதே முடிந்தது.

இதைச் சொன்னபோது என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்மா, எனக்கு இந்த இடம் அமையலைன்னா வேற எடமே வேண்டாம். அந்த லாரிய எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு” என்றாள்.

எங்கே கொண்டுபோய் விட? எஸ்.ஐ. அண்ணாச்சி எங்களுக்குத் தெரியாமலே எங்கள் தெருவில் விசாரணை நடத்தி முடித்திருந்தார். டீக்கடை, ரேஷன் கடை, அயர்ன் வண்டி, டாங்கி அண்ணாச்சி எல்லாரிடமும் தனித்தனியாக விசாரித்திருக்கிறார். எல்லாரும் ஒரே பதில். பட்டாளத்து லாரி, பத்துச் சக்கரம், பனியில் சங்கிலி, அமைதியான மனிதர். இத்தனை சாட்சி ஒன்றுபோலப் பேசி என் சர்வீசில் நான் கண்டதில்லை என்று வீட்டில் பூரித்துப்போனாராம். இருபத்தைந்து வருஷம் பாடுபட்டு நான் வளர்த்த சாட்சிகள் ஆயிற்றே.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் கேசரியை எல்லார் முன்னாலும் கிண்டினேன். என் வீட்டுக்காரரைச் சர்க்கரைக்கு ஒரு தடவை, வாழை இலைக்கு ஒரு தடவை, எதற்கென்று தெரியாமலே ஒரு தடவை அனுப்பினேன். எஸ்.ஐ. அண்ணாச்சி சுவரில் இருந்த போட்டோவைக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். நான் அவசரத்தில் வெட்டியதில் ஓரத்தில் ஒரு காதின் நுனி மட்டும் தப்பியிருந்தது. இத்தனை வருஷத்தில் என் கண்ணிலேயே அது பட்டதில்லை.

“இது என்னம்மா, மூலையில?”

“இலை அண்ணாச்சி.”

“பனியில என்ன இலை?”

“அந்த ஊரு இலை” என்றேன். வேறு என்ன சொல்ல? ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அதற்குள் மகள் காபியோடு வந்து காப்பாற்றினாள்.

கிளம்பும்போது எஸ்.ஐ. அண்ணாச்சி ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். “சீசன் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பமும் குத்தாலம் போயி ஒரு குளியலப் போட்டுட்டு வந்து முடிவச் சொல்லிருவோம்” என்றார். பிறகுதான் அவருடைய மனைவி எனக்கு விளக்கினாள். அருவிக்கு அடியில் நிற்கிறவனால் நடிக்க முடியாதாம். தலையில் தண்ணீர் அடிக்கிற அடியில் உள்ளே இருப்பது தானாக வெளியே வந்துவிடுமாம். சர்வீசில் இருந்த காலத்தில் சில பேரைக் குளிக்கக் கூட்டிப்போயே உண்மையை வாங்கியதாகப் பெருமைப்படுவாராம். “அவரு எங்கிட்ட ஒண்ணும் வாங்குனதில்ல. நான் அவரோட அருவிக்குப் போறதே இல்ல” என்றாள் அந்த மதினி. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாரல் பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. வேனில் போகும்போதே என் வீட்டுக்காரர் காதில், “இன்னைக்கு ஒரு நாள், சாமி சத்தியமா, வாயத் தொறக்காதிய” என்றேன். சரி என்றார். அவர் சரி என்றால் சரிதான். ஆனால் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. கேட்கப்போகிறவர் எஸ்.ஐ.

மெயின் அருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கம்பித் தடுப்பு. தண்ணீர் கொட்டுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. நான் தலையில் எண்ணெயோடு வரிசையில் நின்றபடி தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எஸ்.ஐ. அண்ணாச்சி என் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டுபோய் நன்றாக அடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். காதோரம் குனிந்து என்னவோ கேட்டார்.

என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை நிமிர்த்தி ஆட்டினார். காது, அதுவும் நீளமான காது.

அடுத்து இரண்டு கைகளையும் விரித்துப் பறப்பதுபோல மெதுவாக ஆடினார். அது எனக்குத் தெரிந்த கதை. பர்மாக் காட்டுக்குள் எஞ்சினே இல்லாத விமானத்தில் கோவேறு கழுதைகளை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். அடுத்து விரலால் தொண்டையை ஒரு கீறு. அதுவும் தெரியும். கழுதை கத்தினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று மயக்கமருந்து கொடுத்துக் குரல் நரம்பை அறுத்தார்கள். அந்தக் கழுதைகள் வாயைத் திறக்கும், சத்தம் வராது. என் வீட்டுக்காரர் தண்ணீருக்கு அடியில் நின்று வாயைத் திறந்து மூடித் தத்ரூபமாக நடித்துக் காட்டினார். சுற்றிக் குளித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் குளிப்பதை நிறுத்திவிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நகரச் சொல்லி விசில் ஊதினார். எஸ்.ஐ. அண்ணாச்சி கையைக் காட்டி, இருப்பா, விசாரணை நடக்குது என்பதுபோல அவரை அடக்கினார்.

“அண்ணன் என்ன காட்டுதாரு?” என்று பையனின் அம்மா கேட்டாள்.

“தண்ணி அடிக்கிற அடியில மூச்சு முட்டுதுன்னு காட்டுதாரு மதினி.”

“அப்ப காது?”

“காதுல தண்ணி போயிருச்சாம்.”

குளித்து, தலை துவட்டி, வேன் நிறுத்திய மரத்தடியில் விரிப்பை விரித்து உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையும் அங்கே வாங்கிய மிளகாய் பஜ்ஜியும். எஸ்.ஐ. அண்ணாச்சி ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் சொருகியிருந்த செல்போனை எடுத்தார். தண்ணீர் படாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற எல்லாரும் செய்வதுதான். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. “ஏங்க, கொஞ்சம் சிப்ஸ்” என்று ஆரம்பித்தேன். பையன் முந்திக்கொண்டு சிப்ஸ் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டான்.

“நல்ல யோசனை அண்ணாச்சி. ரெண்டாம் உலகப் போர்லயும் இப்படித்தான். கடல் வழியா எறங்கிப் போவும்போது துப்பாக்கிக் குழாய்க்குள்ள தண்ணியும் மணலும் போவாம இருக்கதுக்கு ஒவ்வொரு சிப்பாயும் துப்பாக்கி மொனையில மாட்டிக்கிட்டுப் போனாவ” என்றார்.

“என்னத்த மாட்டுனாவ?” என்றார் எஸ்.ஐ. அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பொருளின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறைகிற வரைக்கும் காத்துநின்று ஆண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குகிற பொருள். இவர் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து வேனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. இவர் அதோடும் விடவில்லை. எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் எதிரிக் கப்பலுக்கு அடியில் நீந்திப்போய் வெடியை ஒட்டியவர்களும் வெடிக்கு மேல் அதையேதான் மாட்டிக்கொண்டு போனார்கள், பெட்டி பெட்டியாக அது வேண்டும் என்று கேட்டபோது மேலதிகாரிகளே ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம் என்று முழுவதையும் சொல்லி முடித்தார். என் மகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு குரங்கு வந்து பஜ்ஜித் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. அதை விரட்டக்கூட ஒருத்தரும் கை நீட்டவில்லை.

எஸ்.ஐ. அண்ணாச்சி நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

“இங்க பாரும்மா. அருவிக்கு அடியில நிறுத்திக் கேட்டேன். பட்டாளத்துல என்ன செஞ்சியன்னு கேட்டா கழுதைங்காரு. எஞ்சின் இல்லாத ஏரோப்பிளேன்ல கழுதை போச்சுங்காரு. எதிரி புடிச்சிக்கிட்டுப் போன கழுதை ஒண்ணு, அவன் துப்பாக்கியவே முதுகுல சுமந்துக்கிட்டுத் தப்பி வந்துச்சாம். அதுக்குப் பின்னால வெல்வெட் போர்வை போத்தி மரியாத பண்ணுனாவளாம். இப்ப என்னன்னா பொம்பளப் பிள்ளைய இருக்க எடத்துல இந்தப் பேச்சு. இத்தன வருசம் லாரி ஓட்டுன மனுசன் எதுக்கு இப்படிப் புளுகணும்?”

“எந்த லாரி?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இருபத்தைந்து வருஷமாகத் தெரு முழுக்க ஓடிய லாரி அவர் காதில் ஒரு தடவைகூட விழவில்லை. விழவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு அந்த இடத்தில் தப்பிக்க நல்ல வழி ஒன்று இருந்தது. இவருக்கு எப்போதும் விளையாட்டுப் பேச்சு, சிரிக்கவைக்கச் சொல்கிறார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். கிறுக்கன் என்று நினைத்தாலும் பொய்யன் என்று நினைக்க மாட்டார்கள். மகளும் துண்டை விலக்கி என்னைப் பார்த்தாள், அதைத்தான் சொல்லச் சொல்கிறாள் என்று புரிந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது அவரும் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இவள் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். பர்மாவில் கழுதைகளுக்குச் செய்ததை இத்தனை வருஷமாக நான் இந்த மனிதருக்குச் செய்திருக்கிறேன். அங்கேயாவது மயக்கமருந்து கொடுத்தார்கள்.

“அண்ணாச்சி, இவரு லாரியே ஓட்டுனதில்ல. கழுதைப் படையிலதான் இருந்தாரு. இவரு சொன்னது அம்புட்டும் நெசம். அந்த மெடிக்கல் ஷாப்பு விசயம் உட்பட. பொய் சொன்னது நான். லாரி, சக்கரம், சங்கிலி எல்லாம் எம் பொய். போட்டோ மூலையில இருக்கது இலை இல்ல, காது. எங்க தெருவுல உள்ள ஒருத்தருக்கும் இதுல பங்கில்ல, அவங்க நான் சொன்னத நம்பிச் சொன்னாவ. எனக்குக் கழுதைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேற காரணம் கெடையாது” என்றேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

எஸ்.ஐ. அண்ணாச்சி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் அருவிப் பக்கம் நடந்தார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

என் வீட்டுக்காரரும் திரும்பவில்லை. அருவிப் பக்கம் பார்த்தபடியே, “போயும் போயும் லாரின்னா சொன்ன?” என்று கேட்டார். “லாரி ஏற முடியாத எடத்துக்குல்லா நாங்க போனது. லாரிக்காரன் கீழ எறக்கிப் போட்டுட்டுப் போயிருவான். அதுக்கு மேல நாங்கதான். ஏரோப்பிளேன்னு சொல்லியிருந்தாலும் மனசு ஆறும். லாரியாம்.”

பொய் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்பதுதான் அவருடைய வருத்தம். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் பையன் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். “மாமா, அந்த வெல்வெட் போர்வை என்ன கலர்?” என்று கேட்டான்.

“நீலம்” என்றார் இவர். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. முதல் தடவையாக ஒருத்தன் மாமா என்று கூப்பிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கழுதையைப் பற்றிக் கேட்டானே, அது போதும் அவருக்கு.

அரைமணி நேரம் கழித்து எஸ்.ஐ. அண்ணாச்சி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். கையில் செல்போன். கவரைப் பிரித்து வரிசையில் நின்றபடியே எல்லாவற்றையும் தேடிப் பார்த்திருக்கிறார். விரிப்பில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துத் தீர்ப்பு வாசிப்பதுபோல ஆரம்பித்தார்.

“எஞ்சின் இல்லாத ஏரோப்பிளேன் இருந்திருக்கு. கழுதைக்குத் தொண்டைய அறுத்திருக்காவ. வெல்வெட் போர்வை உண்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த இன்னொரு சமாச்சாரமும் உண்டு.”

செல்போனை மறுபடியும் கவருக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்.

“சர்வீசு பூரா எத்தனையோ களவாணிய விசாரிச்சிருக்கேன். இந்த அம்மா ஒரு தெருவையே பேச வச்சு என்னைய ஏமாத்திருக்காவ. நெசத்தச் சொன்ன மனுசன நான் புளுகன்னுட்டேன்.” என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கையைக் குவித்தார். “மன்னிச்சிக்கிடுங்க. பொய் பேசுத வீட்டுல சம்பந்தம் கெடையாதுன்னு சொல்லியிருக்கேன். இங்க ஒரு ஆளு பொய், ஒரு ஆளு நெசம். சரிபாதியா நிக்கி. சரிபாதின்னா பாதகமில்ல. எங்க வீட்டுலயும் அப்படித்தான்.”

“அதுல நீங்க எந்தப் பாதி?” என்றாள் அவர் மனைவி. பையனும் பெண்ணும் இரண்டு வருஷமாகப் பழகுகிற விஷயத்தை அவள் அந்த நிமிஷம்வரை அவரிடம் மூச்சுவிடவில்லை. பிறகும் விடவில்லை. அதற்கு இன்னொரு குளியல் போடட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் தென்காசியில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு விவரம் கொடுக்கப் போனோம். நானும் என் வீட்டுக்காரரும். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த அக்கா, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குக் கீழே ‘காவல் சார்பு ஆய்வாளர் (ஓய்வு)’ என்று போட்டுவிட்டு, பெண்ணின் அப்பாவுக்கு என்ன போட என்று கேட்டாள்.

“சும்மா ராணுவம், ஓய்வுன்னு போடுங்கம்மா. அது போதும்” என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தது.

“இல்லக்கா. கோவேறு கழுதைப் படைப்பிரிவுன்னு போடுங்க. ராணுவம், ஓய்வெல்லாம் அதுக்குக் கீழ வரட்டும்” என்றேன்.

அந்த அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “கல்யாணப் பத்திரிகையிலயா? கழுதைன்னா?”

“ஆமா. எஸ்.ஐ. எழுத்த விடக் கொஞ்சம் பெருசா.”

என் வீட்டுக்காரர் மெதுவாகக் குனிந்து என் காதோரம் சொன்னார். “ஏட்டி, ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். கல்யாண வீட்டுக்குத்தான கூப்பிடுதோம்” என்றேன்.